மரவள்ளிக் கிழங்குக்குக் கிடைத்த பாராட்டு

என் கணவர் என் சமையலை ஒருநாளும் குறை சொன்னதில்லை. இதைக் கேட்கிற பெண்கள் எல்லாரும் நான் கொடுத்து வைத்தவள் என்பார்கள். அவர் ஒருநாளும் நல்லாயிருக்கு என்றும் சொன்னதில்லை என்பதை நான் அவர்களுக்குச் சொல்வதில்லை. கல்யாணம் முடித்து முப்பத்தொரு வருசமாகிறது. கறி அடிப்பிடித்த நாளிலும் ஒரே முகம்தான், நான் நினைத்ததைவிடக் குழம்பு அருமையாக வந்த நாளிலும் அதே முகம்தான்.

முதல் வருசத்தில் நான் வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன். அகப்பையோடு பக்கத்தில் நின்று, “எப்பிடி?” என்பேன். “எது?” என்பார். “கறி.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “இருக்கு,” என்பார். கறி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? அடுத்த வருசத்தோடு கேட்பதை விட்டுவிட்டேன். கேட்பதைத்தான் விட்டேன், காத்திருப்பதை விடவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், முரசுமோட்டையில் என் கைக்கு ஒரு பெயர் இருக்கிறது. யார் வீட்டில் கூழ் காய்ச்சினாலும் எனக்கு ஆள் வரும். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவை எத்தனை தண்ணீரில் ஊறவிட்டு வடித்தால் கசப்புப் போகும், பானையில் எந்தக் கொதிக்குப் புளியை விடவேண்டும் என்பதெல்லாம் என் கண்ணுக்குத் தெரியும். குடித்தவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு, “அக்கா, உங்கட கைதான் கை,” என்பார்கள். அந்தக் கூட்டத்தில் இவரும் இருப்பார். மூன்று தரம் வாங்கிக் குடித்துவிட்டு, மழை வருமா வராதா என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்பார். ஊருக்கெல்லாம் இருக்கிற வாய் இந்த மனுசனுக்கு மட்டும் எங்கே போனது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாய் போகவில்லை, அது கிளிநொச்சியில்தான் இருந்தது. அதைக் கண்டுபிடித்துத் தந்தது ஒரு துண்டு இஞ்சி.

அவருக்குப் பின்னேரம் நாலு மணிக்கு இஞ்சித் தேத்தண்ணீர் வேண்டும். மழையோ வெயிலோ, காய்ச்சலோ சுகமோ, இஞ்சி தட்டிப் போட்ட வெறும் தேத்தண்ணீர் இல்லாமல் அவருக்குப் பொழுது சாயாது. இந்த வருசம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் இஞ்சியைத் தட்டிக்கொண்டிருக்கும்போது குசினி வாசலில் வந்து நின்றார்.

“இஞ்சாரும், இண்டைக்கு இஞ்சி போடாதையும்.”

“ஏன்?”

“நெஞ்செரிச்சல்.”

நானும் நம்பினேன். புதன்கிழமை இஞ்சி கேட்டார், வியாழக்கிழமையும் கேட்டார், வெள்ளிக்கிழமை வேண்டாமென்றார். அடுத்த செவ்வாயும் வேண்டாம். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் மட்டும் வந்துபோகிற நெஞ்செரிச்சலை நான் இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. அந்த இரண்டு நாளும்தான் அவர் எங்கள் தோட்டத்துக் கத்தரிக்காயையும் பயிற்றங்காயையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளிநொச்சிச் சந்தைக்குப் போகிறவர்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மச்சாள் வந்தாள். மச்சாள் என்றால் இவருடைய தங்கை. எங்கள் ஒழுங்கையிலேயே நாலு வீடு தள்ளி இருக்கிறாள். வரும்போது இஞ்சி பிஸ்கட் ஒரு பைக்கற் கொண்டு வந்தாள். இவர் ஒன்றை எடுத்துக் கடிக்கப் போனவர், மணந்து பார்த்தார். பிறகு எங்கள் இருவருடைய முகத்தையும் பார்த்துவிட்டு, கையைக் கதிரைக்குப் பின்னால் கொண்டுபோய் அதை நாய்க்குப் போட்டார். நாய் சத்தமாகக் கடித்துத் தின்றது.

எனக்கு அப்போது மூளையில் வெளித்தது. மரவள்ளிக் கிழங்கு சாப்பிட்ட நாளில் இஞ்சி வாயில் வைக்கக்கூடாது, வைத்தால் நஞ்சாகிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உண்மையா பொய்யா என்று சோதித்துப் பார்க்க ஒருவரும் துணிந்ததில்லை. வேறு ஊர்க்காரராக இருந்தால் பேசாமல் இஞ்சித் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு இருந்திருப்பார், எனக்கும் எதுவும் தெரிய வந்திருக்காது. எங்கள் ஊர் மனுசனால் அது முடியாது. களவாகக் கிழங்கு தின்னத் துணிவு இருக்கும், அதற்கு மேல் இஞ்சி குடிக்கத் துணிவு வராது.

களவு என்று ஏன் சொல்கிறேன் என்றால், என் வீட்டு அடுப்பில் மரவள்ளி ஏறுவதில்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் விடியவும் அது, மத்தியானமும் அது, இரவுக்கும் அது என்று இருந்தோம். எனக்கென்று திரும்பவும் ஒரு அடுப்பு கிடைத்தால் இந்தக் கிழங்கை அதில் வைக்கமாட்டேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். அவர் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் வெளியே போனதும் மச்சாளைப் பிடித்தேன். “உங்கட அண்ணா கிளிநொச்சியில எங்க சாப்பிடுறவர்?”

“மச்சாள், நான் சொல்லக்கூடாதெண்டுதான் இருந்தனான்,” என்று தொடங்கினாள். அப்படித் தொடங்குகிறவர்களை நிறுத்துவது கஷ்டம். கண்டி வீதியோரம் பெண்கள் சேர்ந்து நடத்துகிற சாப்பாட்டுக் கடை ஒன்று இருக்கிறது. குரக்கன் புட்டு, பாலப்பம், இலைக்கஞ்சி, கூழ் என்று பழைய சாப்பாடெல்லாம் அங்கே கிடைக்கும். ஒவ்வொரு பெண்ணும் தனக்கென்று ஒரு அடுப்பு வைத்திருக்கிறாள். மூலை அடுப்பில் ஒரு பிள்ளை மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கட்டச் சம்பலோடு கொடுக்கிறதாம். செவ்வாயிலும் வெள்ளியிலும் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்காகச் சம்பலை மாசிக் கருவாடு போடாமல் இடிக்கிறதாம். வங்கிக்குப் போன மச்சாள் அங்கே இவரைக் கண்டிருக்கிறாள்.

“கண்டால் என்ன, சாப்பிடட்டும்,” என்றேன்.

“அதில்லை மச்சாள். அண்ணா என்ன சொன்னவர் தெரியுமே? ‘நல்லாயிருக்குப் பிள்ளை, கிழங்கு மாவா இருக்கு’ எண்டவர். இரண்டு தரம் சொன்னவர். நான் என்ர காதால கேட்டனான். வாய் முழுக்கச் சிரிப்பு.”

எனக்கு வந்தது பொறாமைதான். அதற்கு வேறு மரியாதையான பெயர் தேட நான் விரும்பவில்லை. அந்தப் பிள்ளைக்கு எங்கள் மகளின் வயது இருக்கும் என்று மச்சாள் சொன்னாள். அந்தமாதிரிச் சந்தேகம் ஒன்றும் எனக்கு இல்லை. இவர் யாரோ ஒருத்தியோடு படம் பார்க்கப் போனார் என்றால்கூட நான் சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பேன். இது அந்தச் சொல். எனக்கு முப்பத்தொரு வருசமாக வராத சொல், ஒரு அவித்த கிழங்குக்கு ஒரே நாளில் இரண்டு தரம் போயிருக்கிறது.

மச்சாள் போகும்போது இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போனாள். “அது மலைநாட்டுத் தேயிலைத் தோட்ட வழி ஆக்கள், மச்சாள். அங்கால குடியேத்தின பக்கம் இருக்கினம்.” அவள் சொன்ன விதம் நல்லதில்லை. அதைக் கேட்டதும் என் மனதில் ஓடியதும் நல்லதில்லை. எங்கள் கூழையும் புட்டையும் விட்டுவிட்டுப் போயும் போயும் அங்கேயா என்றுதான் நினைத்தேன். அந்தப் பிள்ளை வன்னியிலேயே பிறந்து, நாங்கள் ஓடிய வீதியிலெல்லாம் ஓடி, நாங்கள் கிடந்த செட்டிகுளத்து முகாமிலேயே கிடந்திருக்கும். அதெல்லாம் அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்ததை நினைத்தேன்தானே.

அன்று பொழுதுபடுகிற நேரம் அவர் முற்றத்தில் தண்ணீர்ப் பம்பைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தார். நேரே போய் நின்றேன்.

“நீங்கள் கிளிநொச்சியில மரவள்ளிக் கிழங்கு சாப்பிடுறனீங்களாம்.”

“ஓம்,” என்றார். ஒரு பதற்றமும் இல்லை.

“நெஞ்செரிச்சல் எண்டு எனக்குப் பொய் சொன்னீங்கள்.”

“நீர்தான் அதை வீட்டுக்க விடமாட்டீரே. பிறகேன் உம்மைக் குழப்புவான் எண்டு விட்டிட்டன்.”

“சாப்பிட்டதைப் பற்றி நான் கேக்கேல்லை. நல்லாயிருக்கெண்டு சொன்னீங்களாம்.”

கையிலிருந்த, நட்டுக் கழற்றுகிற சாவியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என்ன குற்றம் செய்தார் என்று அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. “சொன்னனான். அதுக்கென்ன?”

“எனக்கு ஒருநாளாவது சொல்லியிருக்கிறியளே?”

“உமக்கேன் சொல்லுவான்? அது கடை. அந்தப் பிள்ளை முன்னால வந்து நிண்டு முகத்தைப் பாக்குது. சாப்பிட்டிட்டுச் சும்மா எழும்பி வாறதே? வீட்டில ஆரும் அப்பிடிச் சொல்லுவினமே, விருந்துக்கு வந்த ஆக்கள் மாதிரி?”

திரும்பவும் சாவியை எடுத்துப் பம்பைக் குடையத் தொடங்கிவிட்டார். அவருக்கு அதோடு கதை முடிந்தது. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் வீடுகளில் பாராட்டும் நன்றியும் பிறத்தியாருக்கு உரியவை. என் தகப்பன் என் தாய்க்குச் சொன்னதை நான் கேட்டதில்லை. வயல் நன்றாக விளைந்த வருசங்களில் இவரைப் பார்த்துக் கெட்டிக்காரன் என்று நானும் ஒருநாள் சொன்னதில்லை. அடுத்த வீட்டுக்காரியிடம்தான் பெருமையடித்திருக்கிறேன். எல்லாம் சரி. ஆனால் பொறாமை நியாயம் கேட்டு அடங்குவதில்லை. பிறத்தியாளாகப் பிறந்திருந்தால் எனக்கும் கிடைத்திருக்குமே என்றுதான் அது கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் சபதத்தை நானே முறித்தேன். மச்சாளின் வளவில் ஒரு மரவள்ளியைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். பட்டையை உரித்து, நடு நாரை எடுத்து, மஞ்சளும் உப்பும் போட்டு, மூடாமல் அவித்தேன். மூடி அவித்தால் கிழங்கின் கெட்ட குணம் பானைக்குள்ளேயே நிற்கும். செத்தல் மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் உரலில் இடித்துத் தேசிக்காய் பிழிந்தேன். அவித்த ஆவி முகத்தில் அடித்தபோது, அந்தப் பழைய நாட்களின் வாசனையும் சேர்ந்து வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வடித்தேன். ஒரு சொல்லுக்காக நான் எவ்வளவு தூரம் போயிருக்கிறேன் என்று பாருங்கள்.

அவருக்கு முன்னால் வைத்தேன். சாப்பாட்டுக் கோப்பை ஒன்று முடிந்தது. கேளாமலே இன்னொரு கோப்பை போட்டேன், அதுவும் முடிந்தது. பானையில் கிடந்த கடைசித் துண்டைத் தானே எடுத்துச் சம்பலில் புரட்டினார். நான் சுவரோடு சாய்ந்துகொண்டு நின்றேன்.

“என்ன?” என்றேன்.

“என்ன?” என்றார்.

“ஒண்டும் சொல்லேல்லையே?”

“நாளைக்கு உரக்கடைக்குப் போகவேணும். காலமை வேளைக்கு எழுப்பிவிடும்.”

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் வழமைபோலச் சந்தைக்குப் போனார். பின்னேரம் தேத்தண்ணீருக்கு இஞ்சி வேண்டாமென்றார். இப்போது நெஞ்செரிச்சல் என்றுகூடச் சொல்லவில்லை. நான் இஞ்சித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, போட்டால்தான் என்ன என்று ஒரு கணம் யோசித்தேன். போடவில்லை. எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது.

புதன்கிழமை, கண்ணாடிக்குக் கண் காட்டப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பரந்தன் சந்தியில் இறங்கி அடுத்த பஸ் பிடித்துக் கிளிநொச்சிக்குப் போனேன். அவர் போகாத நாளாகப் பார்த்துத்தான் போனேன். அந்தக் கிழங்கில் அப்படி என்ன இருக்கிறது என்று என் வாயால் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் உண்மை.

கடையில் தனியாக இருந்து சாப்பிட்டது என் வாழ்க்கையில் அன்றுதான் முதல்தரம். பிள்ளைகளோடு போயிருக்கிறேன், கல்யாணத்துக்குப் புடைவை எடுக்கப் போன இடத்தில் சாப்பிட்டிருக்கிறேன், பார்சல் கட்டி வாங்கியிருக்கிறேன். ஒருத்தியாகப் போய் ஒரு மேசையில் இருக்கும்போது எல்லாரும் என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை. அலுவலகத்து ஆட்கள் பாலப்பத்துக்கு வரிசையில் நின்றார்கள். வெளியூர்க் குடும்பம் ஒன்று ஆளுக்கொரு கிண்ணத்தில் கூழ் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கூழை எட்டிப் பார்த்தேன். புளி முந்திவிட்டது. மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மூலை அடுப்பில் அந்தப் பிள்ளை நின்றது. தலைக்குத் தொப்பி, இடுப்பில் மேலங்கி, மணிக்கட்டில் ஆவி பட்ட தழும்பு. நான் பயந்ததைவிட மெலிவாக இருந்தது.

“வாங்கம்மா, இருங்க. என்ன தரட்டும்?”

“கிழங்கு இருக்கோ?”

“இருக்கும்மா. இப்பதான் இறக்கினேன், சூடா இருக்கு.”

கோப்பைக்குத் தாள் விரித்து, கிழங்கை வைத்து, மேலே கொஞ்சம் தேங்காய்ப்பூ தூவி, ஓரத்தில் சம்பலை வைத்துக் கொண்டுவந்தது. துண்டுகள் தாமாகவே வெடித்து விரிந்திருந்தன. ஒரு துண்டைச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தேன்.

நல்லாயிருந்தது. என்னுடையதைவிட நல்லாயிருந்தது. சமைக்கிறவளுக்கு இது ஒரு வாயிலேயே விளங்கும். தண்ணீரை வடித்த பிறகு பானையைத் திரும்ப அடுப்பில் வைத்துக் குலுக்கி, ஈரத்தை வாங்கியிருக்கிறாள். நான் அதைச் செய்யவில்லை. உப்பு கிழங்கின் நடுவரைக்கும் போயிருந்தது. இரண்டாவது துண்டு, மூன்றாவது துண்டு என்று கை தானாகவே போனது. வருசக்கணக்காக வெறுத்த கிழங்கை நான் ருசித்துத் தின்றுகொண்டிருந்தேன். அந்த நேரம் அவர்மேல் இருந்த எரிச்சல் எல்லாம் அப்படியே அந்தப் பிள்ளைமேல் மாறியது. கை சுமாராக இருந்திருந்தால் நான் அவளை மன்னித்திருப்பேன்.

கோப்பை முடிகிற நேரம் பார்த்து வந்து நின்றது. கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டது. “எப்படிம்மா இருக்கு?”

அந்த நிற்பு எனக்குத் தெரியும். அகப்பையோடு நானும் அப்படித்தான் நின்றேன். ஒரே ஒரு சொல்லைச் சொன்னால் போதும். அது என் நாக்கின் நுனியில் வந்தும் நின்றது. எனக்குக் கிடைக்காததை இவளுக்கு என் வீட்டிலிருந்து ஏற்கெனவே ஒருவர் வாரி வாரிக் கொடுக்கிறார், நானும் ஏன் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

“உப்புக் கூடிப்போச்சு, பிள்ளை,” என்றேன்.

முகம் சுருங்கிவிட்டது. “அப்படிங்களாம்மா? அளவாத்தான் போட்டேன்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. “கிழங்கிலயும் கூட, சம்பலிலயும் கூட. இஞ்ச வயது போன ஆக்கள்தானே கன பேர் வருகினம். பிரஷர் உள்ளவை, சலரோகம் உள்ளவை. அவைக்கு ஒண்டு நடந்தா ஆர் பொறுப்பு? பாத்துப் போட வேணும்.” பிள்ளைக்குப் புத்தி சொல்லுகிற பெரியவளின் குரல் எனக்கு நன்றாகவே வந்தது.

“சரிங்கம்மா. இனிக் குறைச்சுப் போடுறேன்,” என்றது. பிறகு, “சொன்னதுக்கு நன்றிம்மா. மத்தவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க,” என்றது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. பரந்தன் சந்தியில் கச்சான் கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் சந்தையால் வந்து மத்தியானச் சாப்பாட்டில் இரண்டாந்தரம் சோறு கேட்டார். நான் ஒன்றும் தெரியாதவள்போலப் போட்டேன். பின்னேரம் தேத்தண்ணீருக்கு இஞ்சி போடச் சொன்னார். ஒரு கிழங்குத் துண்டையும் விழுங்கியிருக்க மாட்டார், நாக்கில் வைத்ததோடு சரி என்று விளங்கியது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். இனி இந்த வாய்க்கு என் அடுப்பை விட்டால் வேறு வழியில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கே வந்துவிட்டார். கத்தரிக்காய்ப் பால்கறி அடுப்பில் இருந்தது. முருங்கையிலை வறையை இறக்கி வைத்திருந்தேன். கை கழுவிவிட்டு நேரே குசினிக்குள் வந்து பலகையில் இருந்தார். நான் சோற்றைப் போட்டுக் கறியை விட்டேன். பிசையத் தொடங்கியவர், தானாகவே கதைக்கத் தொடங்கினார்.

“அங்க இனிச் சரிவராது போல.”

“எங்க?”

“அந்தக் கிழங்குக் கடை. உப்பில்லை, சம்பலிலயும் இல்லை. வெள்ளியும் அப்பிடி, இண்டைக்கும் அப்பிடி. உப்பு அவியேக்க இறங்கவேணும், பிறகு தூவினா ஒட்டுமே? வாறவை ஒருக்காச் சாப்பிட்டிட்டு மற்ற அடுப்புக்குப் போயினம். பானை அப்பிடியே கிடக்கு. பாவம், அந்தப் பிள்ளைக்குக் கண் கலங்கிப் போச்சு.”

அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமைதான் முந்தியது. அவளுடைய கண் கலங்கியது இவருக்குத் தெரிந்திருக்கிறது.

“ஏனாம் உப்பில்லை?” என்று கேட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன்.

“ஆரோ ஒரு அம்மா வந்து உப்புக் கூடவெண்டு சொல்லிப்போட்டுப் போனவாவாம். வயது போன ஆக்களுக்கு ஒண்டு நடந்தா ஆர் பொறுப்பெண்டு கேட்டவாவாம். பிள்ளை பயந்துபோச்சு. நான் சொன்னனான், ஆரோ சொன்னதுக்கெல்லாம் கையை மாத்தாதை, பழையபடி போடு எண்டு. அது கேக்குதில்லை. ‘இல்லைங்கய்யா, அந்தம்மாவைப் பார்த்தா நல்லாச் சமைக்கிறவங்க மாதிரி இருந்தாங்க, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்’ எண்டுது.”

நான் கறிச்சட்டியை இறக்கினேன். இறக்கி வைக்க இடம் தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“சமைக்கத் தெரிஞ்ச ஆள் அப்பிடிச் சொல்லுமே?” என்றார். “முப்பத்தொரு வருசம் இந்தக் குசினியில சாப்பிடுறன், எனக்குத் தெரியாதே? அந்தப் பிள்ளைக்கும் நான் முதலே சொன்னனான், ‘உன்ர கிழங்கு நல்லாயிருக்குப் பிள்ளை, ஆனா என்ர மனுசியின்ர கைக்குப் பக்கத்தில இந்தப் பக்கத்தில ஒருத்தரும் நிக்கேலாது’ எண்டு. ஒருநாள் கூட்டிக்கொண்டு வாங்க ஐயா எண்டு அது கேட்டுக்கொண்டே இருக்கு.”

அவ்வளவையும் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், என்னைப் பார்க்காமல், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல. சட்டி கையைச் சுட்டது. கீழே வைத்தேன்.

“வெள்ளிக்கிழமை என்னோட வாரும்,” என்றார். “நீர் ஒருக்காச் சாப்பிட்டுப் பாத்து, உப்புச் சரியோ பிழையோ எண்டு அதுக்குச் சொல்லும். நீர் சொன்னா அது நம்பும்.”

நான் கறிச்சட்டியை மூடினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்னப்பா, வாறீரோ?”

“வாறன்,” என்றேன். “அந்த அம்மா நான்தான்.”